பில் இல்லாத பூச்சிமருந்தும் பறிபோகும் இழப்பீடும்

நெற்பயிரில் புகையான் கண்ணில் பட்டவுடன் நேராக மருந்துக்கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துத் தரும் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடிப்பதும், பயிர் தேறாதபோது அதே கடையில் வேறொரு மருந்தைக் கடனுக்கு வாங்குவதும் பருவந்தோறும் நிகழ்கின்றன. பூச்சி இருக்கிறது என்பதே மருந்தடிக்கக் காரணமாகிவிடாது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் இரசாயனம் கடைசி வழியே. அதையும் பொருளாதாரச் சேத நிலையை, அதாவது கட்டுப்படுத்தாவிட்டால் பயிரிழப்பு மருந்துச் செலவை மிஞ்சிவிடும் எனக் கருதப்படும் பூச்சி எண்ணிக்கையை, எட்டிய பிறகே நாட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி புகையானுக்கு இது தூருக்கு ஒரு பூச்சி. புகையானை இரையாக்கும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் அந்தச் சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும் என்பதைக் கடைகளில் எவரும் சொல்வதில்லை.

மருந்து தேவைப்பட்டே வாங்கினாலும், பெரும்பாலோர் கோட்டைவிடுவது பில்லில்தான். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு விற்பனைக்கும் உரிமம் பெற்றவர் பில் தர வேண்டும் என்கின்றன. விவசாயிகளோ தொகையை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டோடு திரும்புகின்றனர். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் எனப்படும் பேட்ச் எண், காலாவதி நாள், கடையின் உரிம எண் ஆகியவை பில்லில் இருக்கின்றனவா என்று பார்த்து, புட்டியின் லேபிளோடு ஒப்பிட்ட பின்னரே பணம் தர வேண்டும்.

மருந்து போலி என ஐயம் எழுந்தால், பில் நகலுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் அளித்து, மற்றொரு பிரதியில் தேதியுடன் அலுவலக முத்திரை பெற வேண்டும். ‘பார்க்கலாம்’ என்ற வாய்மொழியை நம்பித் திரும்புவது புகாரைக் கைவிடுவதற்குச் சமம். அப்படிச் சொல்லி அனுப்பும் அலுவலர்களுக்கும் குறைவில்லை. பூச்சிக்கொல்லி ஆய்வாளராக அறிவிக்கப்பட்ட அலுவலர் கடையிருப்பிலிருந்து மாதிரி எடுத்து, மூன்று பகுதிகளாக்கி முத்திரையிட்டு, ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார். பகுப்பாய்வாளர் 30 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதே தொகுதி இருப்பு விற்றுத் தீர்வதற்குள் புகார் சென்றாக வேண்டும் என்பதால், அறுவடை வரை காத்திருப்பது வீண். பயன்படுத்தியது போக மீந்த மருந்தை லேபிள் கிழியாமல் பூட்டி வைக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லிச் சட்டம் விற்றவரைத் தண்டிக்கும், விவசாயிக்கு இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே வழி. விதை வழக்கொன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. ஆனால் வாங்கியதை மெய்ப்பிக்கப் பில் வேண்டும்.

லேபிளின் மற்றொரு பயன் உயிரைப் பற்றியது. சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சையும், மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை படிப்படியாகக் குறையும் நஞ்சையும் குறிக்கும். முறிவு மருந்தும் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். தெளிப்பவருக்கு மயக்கமோ வாந்தியோ கண்டால் உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்கு நோயாளியோடு அந்தப் புட்டியும் செல்ல வேண்டும்.