செஞ்சியும் யேலும்: ஒரு வணிகரின் வரலாறு

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் நாம் தேசிங்கு ராஜன் கதையை நினையாமல் திரும்புவதில்லை. அக்கோட்டையின் வரலாற்றோடு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற்குப் பெயர் தந்தவரும் தொடர்புடையவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

அவர் பெயர் எலிகு யேல். 1649இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றவர். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்தார். கம்பெனி ஊழியர்கள் தம் சொந்த வாணிகமும் நடத்திய காலம் அது. யேலும் அவ்வாறே பெருஞ்செல்வம் சேர்த்தார். 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராகவும் உயர்ந்தார். 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியது அவர் காலத்திலேதான்.

அந்நாளில் செஞ்சியில் இருந்து ஆண்டவர் சிவாஜியின் மைந்தர் இராஜாராம். முகலாயப் படையின் நெருக்கடிக்கு ஆளாகியிருந்த மராட்டியரிடமிருந்து, 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை யேல் கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமும் கம்பெனியைச் சேரும் என்பது உடன்பாடு. அங்ஙனம் சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அக்கோட்டையே புனித டேவிட் கோட்டை ஆயிற்று.

ஆயினும், பதவியைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே 1692இல் யேல் பதவியிழந்தார். அவர் தலைமையிலான ஆட்சிக்குழு மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றவும் ஆணையிட்டிருந்தது.

பின்னர் இலண்டனில் வாழ்ந்த யேல், 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பொருளின்றித் தவித்த சிறு கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. நன்றி மறவாத கல்லூரி அவர் பெயரையே சூடிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் அது மன்னிப்புக் கோரியது.

நம் சமுதாயத்தின் கல்விக்கூடங்களும் வணிகப் பெருமக்களின் கொடையால் எழுந்தவையே. கொடுப்பது மட்டுமன்று, ஈட்டுவதும் தூயதாக இருத்தல் வேண்டும் என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. யேலின் கொடை பல்லாயிரவர்க்குக் கல்வி தந்தது, உண்மை. ஆயின் அவர் பொருள் சேர்த்த வழி முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் வினவப்படுகிறது. நாளை பொருளீட்டவும் பதவி வகிக்கவும் இருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!