இரு நாட்டவரின் இல்லறம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், என்னிடம் கல்லூரியில் வரலாறு பயின்ற பெண் ஒருத்தி தன் கணவருடன் என் இல்லத்திற்கு வந்தாள். மணம் முடிந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. கணவர் அமெரிக்க நாட்டுக் குடிமகன். அங்கே ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராகப் பணி புரிபவர். கோடை விடுமுறை முடிந்து அவர் அடுத்த வாரமே ஊர் திரும்ப வேண்டியிருந்தது. "நீயும் உடன் செல்கின்றாய் அல்லவா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா; நான் செல்வதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள்" என்றாள். நான் நகைத்தேன். "சட்டப்படி மணந்த மனைவியைக் கணவனோடு போகாதே என்று தடுப்பார் உண்டோ? எவரோ உனக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்று தேற்றி அனுப்பினேன்.

தவறாகச் சொன்னவர் வேறெவரும் அல்லர், நானே என்பது சில நாள்களில் விளங்கிற்று. கணவர் தனியே விமானம் ஏறினார். பல்லாண்டு வரலாறு கற்பித்தும் இச்சிறு செய்தியை அறியாதிருந்தேனே என்ற நாணம் என்னை நூல்களைத் தேட வைத்தது. அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை அயல்நாடுகளில் கற்கவும் தொழில் புரியவும் செல்வீர்கள். அங்கே வாழ்க்கைத் துணையைத் தேடிக்கொள்வோரும் இருப்பர். அவர்களுக்கு என் அறியாமை நேராதிருத்தல் நன்று.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். மணம் என்பது ஒன்று; ஒரு நாட்டினுள் நுழைந்து வாழும் உரிமை என்பது வேறொன்று. என் மாணவியின் திருமணம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடைபெற்றது. அச்சட்டம் சாதி, சமயம், நாடு ஆகிய வேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை. மணமக்களுள் ஒருவரேனும் முப்பது நாள்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, மேலும் முப்பது நாள்கள் காத்திருந்தால், தடையேதும் இல்லாதபோது மணம் பதிவாகும். அந்தச் சான்றிதழை அமெரிக்க அரசும் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் "இவர் இன்னாருடைய மனைவி" என்று ஏற்றுக்கொள்வதனாலேயே "ஆதலின் உள்ளே வருக" என்று கூறிவிடுவதில்லை. ஏன்?

இவ்வினாவிற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வினாவே எழுந்திராது. அந்நாளில் பல நாட்டுச் சட்டங்களில் மனைவிக்கெனத் தனியே நாடு இருந்ததில்லை. கணவனின் நாடே அவள் நாடு. அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், குடிமகன் ஒருவனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் மணந்த அப்பொழுதே குடியுரிமை பெறுவாள் என்றது. அவள் குடியுரிமைக்குத் தகுதியுடைய இனத்தவளாக இருத்தல் மட்டும் வேண்டும். அன்று அத்தகுதி வெள்ளை இனத்தாருக்கே இருந்தது.

இஃது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. 1907ஆம் ஆண்டில் அந்நாட்டில் மற்றொரு சட்டம் வந்தது. அமெரிக்கப் பெண் அயல்நாட்டானை மணந்தால், அவள் தன் குடியுரிமையை இழந்து கணவனின் நாட்டினளாகக் கருதப்படுவாள் என்பது அதன் விதி. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எத்தல் மெக்கன்சி என்னும் பெண்மணி 1909இல் பிரித்தானியக் குடிமகனான ஒரு பாடகரை மணந்தார். இருவரும் கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தனர். 1911இல் அம்மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று. அம்மையார் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சென்றபோது, "நீங்கள் அமெரிக்கர் அல்லர்" என்று மறுத்துவிட்டனர். பிறந்த மண்ணை விட்டு ஓரடியும் பெயராதவர் அயலார் ஆகிவிட்டார்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1915ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கணவனும் மனைவியும் ஒருவரே என்பது தொன்மையான நெறி. இவ்விளைவை அறிந்தே அவர் விரும்பி மணந்தார் என்பன நீதிபதிகள் காட்டிய காரணங்கள்.

பிரித்தானியாவிலும் நிலை இதுவே. அயல்நாட்டானை மணந்த பிரித்தானியப் பெண் அயலாள் ஆனாள். 1949 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டமே அங்கு அந்நிலையை மாற்றிற்று.

அமெரிக்கப் பெண்கள் 1920இல் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றனர். அதன் பயனாக 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் என்று வழங்கும் சட்டம் பிறந்தது. மனைவியின் குடியுரிமை கணவனுடையதினின்றும் பிரிக்கப்பட்டது. இந்த விடுதலையும் முழுமையாக வரவில்லை. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அன்று ஒதுக்கப்பட்டிருந்த ஆசியரை மணந்த பெண்கள் 1931ஆம் ஆண்டின் திருத்தம் வரும் வரையில் தம் குடியுரிமையை இழந்துகொண்டே இருந்தனர்.

நாம் கருத்தில் கொள்ள வேண்டிய இடம் இதுவே. மனைவி தனியொருத்தி என்று சட்டம் ஒப்புக்கொண்டதும், அயல்நாட்டு மனைவி கணவனின் நிழலில் உள்ளே நுழையும் வழியும் அடைபட்டது. அவளும் தனியே வாயிலில் நின்று, தனியே வினவப்பட்டு, தனியே அனுமதி பெற வேண்டியவள் ஆனாள். நாம் இன்று தொல்லை என்று கருதும் விசா நடைமுறையும், நாம் பெருமையாகக் கருதும் பெண்ணின் தனியுரிமையும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

வாயிலில் நின்றவர்க்கு நேர்ந்த இன்னலும் சிறிதன்று. 1925 மே 25ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் தீர்ப்புக் கூறிற்று. அமெரிக்காவில் வாழும் சீன வணிகரின் மனைவியர் உள்ளே வரலாம் என்றது ஒன்று. அவர்களைப் பழைய உடன்படிக்கை ஒன்று காத்தது. அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்த சீன மரபினரின் மனைவியர் வரலாகாது என்றது மற்றொன்று. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. அயலானின் மனைவிக்குத் திறந்த கதவு குடிமகனின் மனைவிக்கு அடைபட்டது. சட்டத்தின் சொற்கள் வாழ்க்கையை எவ்வாறு பிளக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அயல்நாடுகளில் மணம் புரிந்த போர்வீரர்களுக்காக 1945 டிசம்பரில் தனிச் சட்டம் இயற்றி வழி திறந்தனர். குடியுரிமை பெறுவதற்கு இனம் தடையாகாது என்ற நிலை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

உலக அளவிலும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில், மணமான பெண்களின் குடியுரிமை பற்றிய உடன்படிக்கை 1957இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1958இல் நடைமுறைக்கு வந்தது. மணத்தாலோ மணமுறிவாலோ மனைவியின் குடியுரிமை தானாக மாறலாகாது என்பது அதன் முதற் கொள்கை. அவள் விரும்பிக் கேட்பாளாயின், கணவனின் நாட்டுக் குடியுரிமையைப் பெற அவளுக்குச் சலுகை வழி இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தானாக மாறுதல் கூடாது, கேட்டால் கிடைத்தல் வேண்டும் என்னும் இவ்விரண்டிற்கும் இடையில்தான் இன்றைய விதிகள் யாவும் நிற்கின்றன.

இனி, என் மாணவி கடந்த படிகளைக் கூறுகிறேன். முதற்படியில் மனுச் செய்பவர் மனைவி அல்லர், கணவர். குடிமகன் என்ற முறையில் அவரே, "இவர் என் மனைவி" என்று தம் அரசிடம் மனு அளிக்க வேண்டும். குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. குடியுரிமை பெறாமல் நிலையாகக் குடியிருக்கும் உரிமை மட்டும் உடையவரின் துணைக்கோ வரம்பும் உண்டு. அதனால் வரிசையும் உண்டு. மனு ஏற்கப்பட்டபின், கணவர் தம் வருவாய்க்குச் சான்று காட்டி உறுதிமொழிப் பத்திரம் எழுதித்தர வேண்டும். அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 125 விழுக்காடேனும் அவ்வருவாய் இருத்தல் வேண்டும். மணம் முறிந்தாலும் இந்த உறுதிமொழி முறிவதில்லை என்பதைக் கையெழுத்திடுவோர் பலர் அறிவதில்லை. இறுதியில் மருத்துவச் சோதனையும், தூதரகத்தில் நேர்காணலும் நடைபெறும்.

நேர்காணலில் ஆராயப்படுவது மணச் சான்றிதழ் மட்டுமன்று. மணம் மெய்யா என்பதே. பொய்யாக மணந்து குடியேறுவோரைத் தடுக்க அமெரிக்கா 1986இல் தனிச் சட்டமே இயற்றிற்று. ஆதலின் இருவரும் எழுதிய கடிதங்கள், சந்தித்த பயணங்களின் சீட்டுகள், உறவினருடன் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். என் மாணவி தன் திருமணப் படங்களை நாள் வாரியாக அடுக்கியபோது, "எங்கள் அன்புக்கும் சாட்சி வேண்டுமோ, ஐயா?" என்று வருந்தினாள். அன்பை அளக்கும் கருவி எந்த அரசிடமும் இல்லை. அதனால்தான் தாள்களைக் கேட்கின்றனர் என்பதன்றி வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் மாதத்தில் அவளுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. உறவினர் ஒருவர், "சுற்றுலா விசா வாங்கு, ஊர் பார்க்கச் செல்வதாகச் சொல், அங்கே போய்த் தங்கிவிடு. யார் கேட்கப் போகிறார்கள்?" என்று அறிவுரை கூறினார். பிரிவின் துயரில் இருந்தவளுக்கு அச்சொல் இனித்தது. என்னிடம் வந்து கேட்டாள். ஒருமுறை அறியாது பேசித் தவறியவன் ஆதலின், இம்முறை படித்துவிட்டே பேசினேன். நிலையாகத் தங்கும் கருத்தை மறைத்துச் சுற்றுலாவுக்கு வருவதாகக் கூறுவது பொய்யுரை. அது வெளிப்பட்டால், தனி விலக்குப் பெற்றாலன்றி, வாழ்நாள் முழுவதும் அந்நாட்டினுள் நுழைய இயலாது போகலாம். ஓராண்டுப் பிரிவைத் தாங்காமல் செய்யும் செயல் ஆயுட்காலப் பிரிவாகவும் முடியும். இதனைக் கூறினேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு, "காத்திருக்கிறேன், ஐயா" என்றாள்.

பிற நாடுகளிலும் வழி எளிதன்று. பிரித்தானியாவில் குடியிருந்த மூன்று பெண்கள், ஆண்கள் தம் மனைவியரை அழைத்துக்கொள்வதுபோல் தம்மால் கணவரை அழைத்துக்கொள்ள முடியவில்லையே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டனர். ஆண் பெண் வேறுபாடு தவறு என்று 1985 மே மாதத்தில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், மணமக்கள் விரும்பும் நாட்டிலேயே அவர்களைக் குடியேற்ற வேண்டும் என்ற பொதுக் கடமை அரசுக்கு இல்லை என்றும் கூறிற்று. பிரித்தானிய அரசு என்ன செய்தது? பெண்களுக்கு ஆண்களின் சலுகையைத் தரவில்லை. ஆண்களுக்கு இருந்த சலுகையைக் குறைத்து இருவரையும் சமமாக்கிற்று. அங்கே துணையை அழைப்பவருக்கு வருவாய் வரம்பும் 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுன் என்று வகுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது.

நம் நாட்டையும் நோக்குவோம். 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், இந்தியரை மணந்த பெண்களுக்கே பதிவு முறையில் குடியுரிமை பெறும் வழியை வகுத்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அவ்வழி இல்லை. பின்னர் வந்த திருத்தங்களால் இன்று இருபாலார்க்கும் அவ்வழி உண்டு. ஏழாண்டுகள் இந்தியாவில் வசித்திருத்தல் வேண்டும்.

பதினான்கு மாதங்கள் கழிந்தபின் என் மாணவி தன் கணவரின் ஊரை அடைந்தாள். மணமாகி இரண்டாண்டு நிறையாமையால் முதலில் இரண்டாண்டுக்கு நிபந்தனையோடு கூடிய குடியிருப்புரிமையே கிடைத்தது. அது முடியும் முன் உள்ள தொண்ணூறு நாள்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து மீண்டும் மனுச் செய்ய வேண்டும். கணவனின் கொடுமைக்கு ஆளான மனைவி தனியே மனுச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. நிபந்தனை நீங்கியதையும், உள்ளூர் நூலகத்தில் தனக்குப் பணி கிடைத்ததையும் அவள் எனக்கு எழுதினாள்.

சென்ற திங்கள் மற்றொரு கடிதம் வந்தது. குடிமகனின் மனைவியாக மூன்றாண்டுகள் அங்கு வாழ்ந்துவிட்டமையால் அவள் இனி அமெரிக்கக் குடியுரிமை கேட்கலாம். கேட்டுப் பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும்; நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. "என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, ஐயா. அவரும் வற்புறுத்தவில்லை" என்று எழுதியிருந்தாள்.

அக்கடிதத்தைப் படித்தபோது எத்தல் மெக்கன்சி அம்மையாரை நினைத்தேன். அவரை எவரும் கேட்கவில்லை. மணந்த நாளிலேயே அவர் நாட்டைச் சட்டம் பறித்துக்கொண்டது. என் மாணவியைப் பதினான்கு மாதம் காக்க வைத்தார்கள். கட்டுக் கட்டாகத் தாள்களைக் கேட்டார்கள். ஆயினும் எந்த நாடு உன்னுடையது என்னும் வினாவிற்கு விடை சொல்லும் உரிமையை அவளிடமே விட்டிருக்கிறார்கள். நான் இம்முறை அறிவுரை ஏதும் எழுதவில்லை. "நன்றாக எண்ணிப் பார், அவசரம் இல்லை" என்று மட்டும் விடை எழுதினேன்.