எல்லைக்கல்லும் அட்சரேகையும்

வரப்புத் தகராறு நம் கிராமங்களுக்குப் புதிய விஷயமன்று. ஒரு முழ அகலமுள்ள வரப்பைக் குறித்து எழுந்த வழக்கு, அவ்வரப்பின் மதிப்பைப் போல் பன்மடங்கு பொருளை விழுங்கிவிடுவதை யாவரும் கண்டிருக்கிறோம். இந்நாளில் இதனுடன் வேறொரு குழப்பமும் சேர்ந்துள்ளது. கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆதாரமாகக் கொண்டு, "என் எல்லை இதுவே" என்று வாதிப்போர் தோன்றியிருக்கின்றனர். பூமியின்மீது ஓரிடத்தை அறிவதற்குரிய சாதனங்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வேலைக்குத் தகுதியுடையது என்பதை நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும்

பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே ஓரிடம் எத்தனை பாகை விலகியுள்ளது என்பதை அட்சரேகை தெரிவிக்கும். இங்கிலாந்திலுள்ள கிரீன்விச் வழியாகச் செல்லும் ரேகைக்குக் கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பதைத் தீர்க்கரேகை தெரிவிக்கும். பாகை என்பது டிகிரி. ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. கன்னியாகுமரி வட அட்சம் சுமார் 8 பாகை 5 கலையிலும், சென்னை சுமார் 13 பாகை 5 கலையிலும் உள்ளன.

கருவி ஏதுமில்லாதபோது அட்சரேகையை வானமே காட்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே ஏறக்குறைய அவ்விடத்தின் அட்சரேகையாகும்; வேறுபாடு ஒரு பாகைக்குள் அடங்கும். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் கண்ணுக்குச் சுமார் 10 பாகையாகத் தோன்றும். ஆகவே திருச்சிராப்பள்ளியில் அந்நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்திற்குச் சற்று மேலே நிற்கும்.

அட்சரேகையில் ஒரு பாகை தரையில் சுமார் 111 கிலோமீட்டர் தூரமாகும். ஒரு கலை சுமார் 1.85 கிலோமீட்டர், ஒரு விகலை சுமார் 31 மீட்டர். ஓர் ஏக்கர் நிலம் சரிசதுரமாக இருப்பின், அதன் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஓர் ஏக்கரின் பக்கம் இரண்டு விகலைகளைச் சற்றே மிஞ்சுகிறது என்பதைக் கவனிக்க.

எண்களை எழுதுவதில் எச்சரிக்கை

பயிர்ச் சேதம், கரை உடைப்பு, கிணறு ஆகியவை உள்ள இடத்தை மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க இவ்வெண்கள் மிக்க அனுகூலமானவை. ஆயினும் இரண்டு பிழைகள் நேரக்கூடும். முதலாவது, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதுவது. அட்சம் 10, தீர்க்கம் 78 என்பதைத் தலைகீழாக எழுதினால், அவ்விடம் வடதுருவத்தை அடுத்த கடலில் போய் விழும். இரண்டாவது, தசம எண்ணையும் கலையையும் ஒன்றெனக் கொள்வது. 10.30 பாகை என்பது 10 பாகை 18 கலையே. 10 பாகை 30 கலை அன்று. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு சுமார் 22 கிலோமீட்டர். வெள்ளத்தில் உதவி கோரும்போது இப்பிழையின் பயன் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிராமப் படமும் காந்த ஊசியும்

கிராமப் படத்தைப் படிப்பதற்கு முன் அதன் அளவுத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். பழைய கிராமப் படங்கள் மைல் ஒன்றுக்கு 16 அங்குலம் என்ற அளவில் அமைந்தவை. அதாவது, படத்தில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி, அல்லது 5 சங்கிலி. ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர்.

பின்பு படத்தைத் தரையில் விரித்து, அதிலுள்ள வடக்கு அம்புக்குறி, காந்த ஊசி காட்டும் வடக்கோடு ஒத்திருக்குமாறு திருப்பிக்கொள்ள வேண்டும். ஊசி காட்டுவது காந்த வடக்கு. உண்மை வடக்கினின்றும் அது சற்று விலகும். தமிழ்நாட்டில் இவ்விலகல் மிகச் சிறிது. வழி அறிவதற்கு இதனால் இடையூறில்லை. ஆனால் மண்வெட்டி, பம்பு மோட்டார், இரும்புக் கம்பம் ஆகியவற்றின் அருகே ஊசி பிசகும். கோயில், ஏரிக்கரை, பாதைச் சந்திப்பு போன்ற இரண்டோர் அடையாளங்களைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

புலப்படத்தின் சிறப்பு

எல்லையை நிச்சயிப்பதற்கு உரியது புலப்படமே. அதில் வயல் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, கல்லுக்குக் கல் உள்ள தூரமும், அளவுக் கோட்டிலிருந்து வளைவுகளுக்கு எடுத்த செங்குத்துத் தூரங்களும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய படங்களில் அளவுகள் லிங்குகளில் இருக்கும். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்கு. 1,000 சதுர லிங்கு ஒரு சென்ட். மெட்ரிக் முறையில் அமைந்த பிற்காலப் படங்களில் அளவுகள் மீட்டரில் இருக்கும்.

முக்கோணத்தின் பக்கங்கள் தெரிந்தால் அதன் வடிவம் மாறாது. இக்காரணத்தால் ஒரு கல் காணாமற் போனாலும், எஞ்சிய இரண்டு கற்களிலிருந்து படத்திலுள்ள தூரங்களை அளந்து இரண்டு வளைகோடுகள் இழுத்தால், அவை வெட்டும் இடமே கல் இருந்த இடமாகும். அவை இரண்டு இடங்களில் வெட்டும். எப்பக்கத்தது உண்மையானது என்பதைப் படம் காட்டும்.

தேச முழுவதையும் அளந்ததும் முக்கோண முறையிலேயே. 1802-ஆம் ஆண்டு லாம்டன் துரை சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிச் சென்றார். அவர் பெரும்பாலும் கோணங்களை அளந்து தூரத்தைக் கணக்கிட்டார். வயலில் நாம் தூரத்தையே அளக்கிறோம். மலைகளில்லாத தஞ்சைச் சமவெளியில் அவர் கோயில் கோபுரங்களை நாடினார். 1808-ல் தஞ்சையில் அவருடைய பெருங்கருவியை மேலே ஏற்றுகையில் அது கோபுரத்தில் மோதிச் சேதமுற்றது.

கைப்பேசியின் வரம்பு

வெட்டவெளியில் கைப்பேசி காட்டும் இடம் உண்மை இடத்தினின்றும் சுமார் 5 மீட்டர் விலகியிருக்கலாம். தென்னந்தோப்பிலும் கட்டடங்களின் அருகிலும் பிழை மிகும். 100 மீட்டர் நீளமுள்ள ஒரு வரப்பு 5 மீட்டர் தள்ளிப் போனால், 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட் நிலம் கைமாறிவிடும். அயலாரோடு தீராப் பகை விளைய இதுவே போதும். தரைநிலையத்தின் திருத்தங்களைப் பெற்று, சில சென்டிமீட்டர் நுட்பத்துக்கு அளக்கும் சர்வே கருவிகள் உண்டு. அவற்றையும் கைப்பேசியையும் ஒன்றாகக் கருதலாகாது.

செய்ய வேண்டுவன

1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைகள் சட்டப்படி, தம் நிலத்து அளவைக் கற்களைப் பேணுவது பட்டாதாரரின் கடமை. ஆண்டுதோறும் உழவுக்கு முன் புலப்பட நகலுடன் வயலைச் சுற்றிக் கற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கல் ஒன்று சாய்ந்தோ மறைந்தோ இருப்பின், தாமே நடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் அறிவித்து, அடுத்த நிலத்தாரையும் உடன் வைத்து, சர்வேயரைக் கொண்டு அளந்து நடுவதே முறை. ஒரு கல் போனபோது மற்றவை துணை நிற்கும். எல்லாம் போனபின் வழக்கே மிஞ்சும்.