முதலில் கால், பிறகு வாள்

கொச்சியில் மட்டாஞ்சேரியையும் அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியையும் சுற்ற வரும் பயணிகளுக்கு மாலையில் களரிப்பயிற்று ஒரு வேடிக்கை. கண்ணைப் பறிப்பது வாளும் கேடயமும் சுருள்வாளும்தான். ஆனால் மாணவன் கைக்கு ஆயுதம் வர நாளாகும். முதல் பாடம் காலுக்கு.

உடம்பில் எண்ணெய் தேய்த்து, நேர்கால், வீதுகால், கோண்கால் என விதவிதமாகக் காலை வீசிப் பழகுகிறான். பிறகு மெய்ப்பயிற்று. யானை, குதிரை, பன்றி வடிவுகளில் தாழ்ந்து எழுவதில் தொடை உரமேறுகிறது.

இன்றைய விளையாட்டு மருத்துவமும் இந்த வரிசையோடு ஒத்துப்போகிறது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினால், தாவினால், அதன் வலு சற்றுக் குறைகிறது. அசைந்தபடியே சூடேற்றுவது மேல். வலுவும் சேர்ந்தால் பலன் அதிகம். நார்வேயில் 13 முதல் 17 வயது கால்பந்து வீராங்கனைகளுக்கு ஓட்டம், கால் வலு, சமநிலைப் பயிற்சிகள் கொண்ட 20 நிமிடச் சூடேற்றம் தரப்பட்டது. மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு சொன்னது.

காலையில் ஓடக் கிளம்புகிறவர்களும் முதலில் மெதுவாக நடந்து, காலை வீசிச் சூடேற்றிக்கொள்ளலாம். இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஓடி முடித்த பிறகு செய்யலாம்.