சுங்கைப் பட்டாணியிலிருந்து 1887-க்கு: பழைய தமிழ் இதழ்களை மின்வடிவில் படிப்பது எப்படி?

1887 ஜூன் 27, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழின் முதல் தாள் வெளிவந்தது. விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டித் தொடங்கிய இதழ் அது. நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு. அப்போது நம் சுங்கைப் பட்டாணி இருக்கும் கெடா, சயாமின் மேலாட்சியில் இருந்தது. பிரிட்டிஷார் கைக்கு மாற இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. நம் வட்டாரத்தில் பால்மரத் தோட்டம் என்ற பேச்சே எழவில்லை.

அந்தத் தாளை இன்று சுங்கைப் பட்டாணியில் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் திறந்து படிக்கலாம். கட்டணம் இல்லை. சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறவும் வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் தன்னிடமுள்ள பழைய செய்தித்தாள்களை ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ என்ற மின்தொகுப்பில் வைத்திருக்கிறது. சிங்கை நேசன் 1890 ஜூன் வரை, மூன்றாண்டுகள் வந்தது. அதன் தாள்கள் அங்கே தேதி வரிசையில் இருக்கின்றன. அதே தொகுப்பில் ‘தமிழ் முரசு’ம் இருக்கிறது. நம் தோட்டங்களின் கதையைத் தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது இதழ் பெரிய சுரங்கம்.

இப்படி ஒரு வசதி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். பழைய இதழ்த் தொகுப்பைப் படிக்கச் சில பழக்கங்கள் வேண்டும். அவற்றைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

முழுத் தொகுப்பு ஏன் முக்கியம்?

பழைய இதழிலிருந்து நல்ல கதைகளையும் கட்டுரைகளையும் பொறுக்கிப் புத்தகமாகப் போடுவது நம் வழக்கம். அது நல்ல வேலைதான். ஆனால் பொறுக்கியவர் எதை விட்டார் என்பது நமக்குத் தெரியாது. முழுத் தொகுப்பில் எல்லாம் அப்படியே இருக்கும்: தலையங்கம், கப்பல் செய்தி, கடை விளம்பரம், வாசகர் கடிதம், மரண அறிவிப்பு. அந்த வாரத்தில் அந்த இதழை வாங்கியவர் எதையெல்லாம் பார்த்தாரோ, அதையெல்லாம் நாமும் பார்க்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழின் முதல் சிறுகதை எது என்று கேட்டால், 1915-இல் வந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்று பள்ளியில் படித்தவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி வேறொன்றைக் காட்டினார். சிங்கை நேசனில் 1888-இல் மகுதூம் சாயபு எழுதிய ‘விநோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூர், மலேசிய வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதையாக அவர் முன்வைத்தார். இரண்டுக்கும் இடையில் 27 ஆண்டுகள். அது சிறுகதையா, வெறும் உரையாடலா என்பதில் கருத்து வேறுபடலாம். முன்பு அந்த வாதத்தில் பேச, நூலகத்துக்குப் போய்த் தாளைப் பார்த்தவரால் மட்டுமே முடியும். இன்று பக்கத்துப் பீடோங்கில் இருக்கும் ஒரு மாணவரும் மூலத்தைப் படித்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்லலாம்.

இங்கே நினைக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் அதே நா. கோவிந்தசாமி. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே நின்றதற்கு அவர் உழைப்பு காரணம். 1999-இல் அவர் மறைந்தார். அவர் தேடி எடுத்த இதழ், அவர் திறந்த வழியாகவே இன்று நம் கைக்கு வருகிறது.

திரையில் தெரிவது படம்

மின்தொகுப்பில் நீங்கள் பார்ப்பது பழைய தாளின் படம். மூலத் தாளையோ, அதை முன்பே எடுத்துவைத்த நுண்படச் சுருளையோ வருடி அந்தப் படத்தை எடுப்பார்கள். சுருளிலிருந்து எடுத்தவை கறுத்தும் மங்கியும் இருக்கும். தாள் மடிந்த இடத்தில் ஒரு வரி விழுங்கப்பட்டிருக்கும். அது உங்கள் கைப்பேசியின் குறை அன்று.

படத்தில் சொல் தேட முடியாது. அதனால் எழுத்துணரி என்ற மென்பொருளைக் கொண்டு படத்திலுள்ள எழுத்துகளை வாசிக்க வைக்கிறார்கள். எழுத்துணரி ஊகித்துத்தான் வாசிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். பழைய தமிழ் அச்சில் அடிக்கடி தடுக்கி விழும். தேடியது கிடைக்காமல் போவதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் முன்பு வேறு வடிவங்கள் இருந்தன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது; சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னால் ஏற்றன. அதற்கு முந்தைய தாள்களில் பழைய வடிவங்களைக் காண்பீர்கள்.

இரண்டாவது, ஒத்த வடிவங்கள். பழைய அச்சில் ‘ர’வையும் காலையும் பிரித்தறிவது மனிதக் கண்ணுக்கே சில இடங்களில் கடினம். புள்ளி தேய்ந்துபோனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

மூன்றாவது, சொல் சேர்க்கை. தோட்டத்தில், தோட்டத்தார், தோட்டத்துக்கு என்று ஒரு சொல் பல உருவம் எடுக்கும். புணர்ந்தும் பிரிந்தும் வரும்.

நான்காவது, பெயர் எழுதும் முறை. நம் ஊரையே பாருங்கள். சுங்கை பட்டாணி, சுங்கைப் பட்டாணி, சுங்கைப்பட்டாணி, சுங்கை பட்டானி என்று எழுதுகிறோம். கெடாவைக் கடாரம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு வடிவத்தை மட்டும் தட்டினால் மற்றவை நழுவிவிடும்.

ஆகவே தேடல் பெட்டியில் முழுச் சொல்லோடு நிற்காமல் ‘பட்டாணி’, ‘தோட்ட’ என்று சொல்லின் அசையாத பகுதியையும் தந்து பாருங்கள். ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அந்தச் செய்தி வரவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தேதி வழியாகப் போங்கள்.

தேதி வழியாகப் போவது

பழைய இதழைப் படிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. இதழின் பெயரைத் தேர்ந்து, ஆண்டு, மாதம், நாள் என்று இறங்கினால் அன்றைய தாளின் முதல் பக்கம் வரும். பிறகு கையால் புரட்டுவதுபோல அடுத்தடுத்த பக்கம். எழுத்துணரியின் பிழை இங்கே உங்களைத் தொடாது.

எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது? ஒவ்வொரு குடும்பத்திடமும் சில தேதிகள் உண்டு. பாட்டனார் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிய ஆண்டு. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள நாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி திறந்த ஆண்டு. அந்த நாளுக்கு முன்னும் பின்னுமாக ஒரு மாதத் தாள்களைப் படியுங்கள். உங்கள் பாட்டனாரின் பெயர் அதில் கிடைப்பது அரிது. ஆனால் அன்று என்ன பேசினார்கள், எதைக் கண்டு பயந்தார்கள், எந்தக் கடையில் என்ன விற்றார்கள் என்பது தெரியும். வீட்டில் வாய்வழியாக வந்த கதைக்கு அதனால் ஒரு பின்புலம் கிடைக்கும்.

கெடாவிலிருந்து ஒரு பாடம்

தமிழ் முரசு 1935-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார இதழாகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாளிதழானது. அதை வளர்த்தவர் திருவாரூரிலிருந்து வந்த கோ. சாரங்கபாணி. 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தவரும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியவரும் அவரே. அன்று சிங்கப்பூரையும் நம்மையும் பிரிக்கும் நாட்டெல்லை இல்லை. சிங்கப்பூரில் அச்சான தமிழ்த் தாளுக்கு மலாயா முழுவதும் வாசகர்கள் இருந்தார்கள். கெடாத் தோட்டங்களின் கதையைச் சிங்கப்பூரின் மின்தொகுப்பில் தேடுவதற்கு இதுவே காரணம்.

1947-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த கையோடு கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்பது, ஒழுக்கத்தோடு அணிதிரள்வது, தொழிலாளியின் மானத்தைக் காப்பது அதன் நோக்கங்கள். பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் கள்ளுக்கடை எதிர்ப்பு முற்றி, காவல்துறைக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் நடந்தது. ஓர் உயிர் போனது. பலர் கைதாயினர். சுங்கைப் பட்டாணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இதை மின்தொகுப்பில் படிக்க ஒரு முறை சொல்கிறேன். அந்த ஆண்டின் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தமிழ் முரசின் தாள்களை வரிசையாகத் திறவுங்கள். அதே நாள்களின் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, ‘மலாயா டிரிபியூன்’ ஆகிய ஆங்கிலத் தாள்களும் அதே தொகுப்பில் உள்ளன. அவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு தாளிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். முதலில் யாரைப் பேசவிடுகிறது? கூடியவர்களை எந்தச் சொல்லால் குறிக்கிறது? செய்தியை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது? எத்தனை நாள் தொடர்ந்து எழுதுகிறது? விடைகளை ஒரு நோட்டில் குறித்துவந்தால், நடந்ததும் தெரியும். நடந்ததை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் தெரியும்.

இன்னொரு பாடம் 1960-61. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்ற காலம். தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். தோட்டத் துண்டாடல் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஈராண்டுத் தாள்களையும் சேர்த்துப் படித்தால் அவர்கள் சொன்னது இன்னும் தெளியும்.

தாளில் இல்லாதவை

தொகுப்பு என்றதும் எல்லாம் அதில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சில நாள் தாள்கள் கிடைக்காமல் போயிருக்கும். 1941 டிசம்பர் 8-இல் சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. அடுத்த மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பில் தமிழ் முரசும் நின்றது. மக்கள் மிக அதிகமாகத் துன்பப்பட்ட காலத்தில் அந்தத் தாள் மௌனமாக இருக்கிறது. பதிப்புரிமை காரணமாகச் சில பக்கங்களை நூலகத்தின் கணினியில் மட்டுமே பார்க்க முடியும்.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போன பெண் இதழுக்கு எழுதியது குறைவு. பேசியவர்கள் பெரும்பாலும் படித்த ஆண்கள், பட்டணத்துக்காரர்கள். லயத்து வாழ்க்கையை அறிய, தாளோடு நம் வீட்டுப் பாட்டிமார்களையும் கேட்டாக வேண்டும்.

நம் அலமாரியில் இருப்பவை

கோலாலம்பூரில் 1924 முதல் வந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. ஓர் இதழ் நின்ற பிறகு அதன் பழைய கட்டுகளுக்குக் கரையானும் மழைநீரும் காத்திருக்கின்றன. தேசியத் தாள்களுக்கே இந்தக் கவலை என்றால், சிற்றூர்களின் அச்சுக்கு என்ன கதி? பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மன்றத்தின் நாடக அறிவிப்பு, சிற்றிதழ் ஆகியவை நம் அலமாரிகளில் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு வேறு படி எங்கும் இருக்காது.

இதைக் காப்பாற்ற அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர்களைப் பாருங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 2005-இல் தன்னார்வலர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற மின்தொகுப்பைத் தொடங்கினார்கள். டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கி நடத்திய ‘மல்லிகை’ இதழ்கள் இன்று அங்கே வரிசையாகப் படிக்கக் கிடைக்கின்றன. பழைய தாளைச் சேர்த்து வருடியவர்களின் உழைப்பு அது.

நாமும் செய்யலாம். வருடி இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள். இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் தாளை விரித்துவைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். அட்டை, விளம்பரம், நன்கொடையாளர் பட்டியல், வெற்றுப் பக்கம் எதையும் விடாதீர்கள். கோப்பின் பெயரில் இதழ், ஆண்டு, மாதம், பக்க எண் இருக்கட்டும். இரண்டு இடங்களில் சேமியுங்கள். படம் எடுத்தாயிற்று என்று தாளை எறியாதீர்கள். பிளாஸ்டிக் உறை ஒட்டவும் செய்யாதீர்கள். நடத்தியவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ இருந்தால் பொதுவில் வைக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் 1887 ஜூன் 27-ஆம் நாள் தாளைத் திறந்து ஒரு பக்கம் படியுங்கள். பிறகு எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய மலரைத் தூசு தட்டி எடுங்கள். மகுதூம் சாயபுவின் தாளை யாரோ பத்திரப்படுத்தியதால்தான் 130 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு நாம் அதைப் படிக்கிறோம். உங்கள் கையிலிருக்கும் மலரைப் பத்திரப்படுத்த வேண்டியவர் நீங்கள்.