யன்னலுக்கு ஏன் அந்தக் கறுப்புத் திரை?

இணுவிலில் இருந்து ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி இது. அம்மம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று அவளும் கூடப் போயிருக்கிறாள். லேசர் அறையின் யன்னல் முழுவதும் தடித்த கறுப்புத் திரை. கதவிலே மஞ்சள் முக்கோணப் பலகை. “உள்ளே நடக்கிறதை நாங்கள் பார்க்கக்கூடாது என்றா மாமா மூடி வைச்சிருக்கினம்?”

கெட்டிக்காரி! மற்றவர்கள் எல்லாரும் நம்பர் எப்போது கூப்பிடுவார்கள் என்று கதிரையில் காத்திருக்க, நீ யன்னலைப் பார்த்திருக்கிறாய். அந்தத் திரை உன்னிடம் இருந்து எதையும் ஒளிக்கவில்லை, பிள்ளை. வெளியே நிற்கும் உன் கண்ணைக் காக்கத்தான் அது தொங்குகிறது.

எப்படி என்று பார்ப்போமா?

திருநெல்வேலிச் சந்தையில் சனம் எப்படி நடக்கும்? ஒருவர் வாழைக்குலைப் பக்கம், ஒருவர் மரக்கறிப் பக்கம், ஒருவர் வாசலுக்கு. ரோச் லைற் வெளிச்சம் அப்படித்தான். பல நிறங்கள், பல திசைகள். இனி உங்கள் கந்தசுவாமி கோயில் பெருமஞ்சத்தை நினைத்துப் பார். வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம், ஒரே தாளத்தில் இழுக்கிறார்கள். லேசர் வெளிச்சம் வடம் பிடித்த சனம் மாதிரி. ரோச் வெளிச்சம் படலையைத் தாண்டும்போதே பரந்து மங்கிவிடும். லேசர் கற்றையோ நூல் பிடித்தது போல நேரே போகும்.

விளங்குகிறதா? சரி, மேலே போவோம்.

உங்கள் ஊரில் 1898 இல் மக்லியொட் ஆஸ்பத்திரி தொடங்கியபோது லேசர் என்ற சொல்லே உலகத்தில் இல்லை. 1960 மே 16 அன்றுதான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். செயற்கை மாணிக்கக் கோல் ஒன்று; அதைச் சுற்றிச் சுருள் வடிவில் பளிச்சிடும் விளக்கு. அவ்வளவுதான் கருவி! மாணிக்கமும் நம் இரத்தினபுரி நீலக்கல்லும் ஒரே கனிமம் என்பது தெரியுமா? அடுத்த ஆண்டே, 1961 இல், லேசர் கண் வைத்தியத்துக்கு வந்துவிட்டது.

இப்போது உன் கண்ணுக்குள் போவோம். கண்ணுக்குள்ளே ஒரு வில்லை இருக்கிறது. வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காய்ந்த சருகை எரித்துப் பார்த்திருப்பாய். கண்ணின் வில்லையும் அப்படித்தான் வெளிச்சத்தைக் குவிக்கும். முற்றம் முழுக்கப் பெய்த மழையை ஒரு செம்புக்குள் பிடித்த மாதிரி. கண்மணிக்குள் நுழைந்த லேசர் கற்றை, பின்னால் இருக்கும் விழித்திரையில் விழும்போது ஒரு லட்சம் மடங்கு செறிந்துவிடலாம். விழித்திரை வெந்தால் மீண்டும் முளைக்காது.

கண் கூசினால் கால் செக்கனுக்குள் இமை மூடிக்கொள்ளும். நல்ல காவல்காரன்தான். ஆனால் கண் கிளினிக்கில் பாவிக்கும் யாக் என்ற லேசரின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது! அதன் அலைநீளம் 1064 நனோமீற்றர். செந்நிறக்கீழ்க் கதிர் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பாய். தெரியாத வெளிச்சத்துக்கு இமை எப்படி மூடும்?

அந்தக் கதிர் யன்னல் கண்ணாடிக்குள்ளால் வெயிலைப் போலவே வந்துவிடும். நேரே யன்னலைப் பார்த்து யாரும் லேசர் அடிக்கமாட்டார்கள்தான். ஆனால் எவர்சில்வர் செம்பில் வெயில் பட்டுக் கூரையில் வெளிச்சப் பூச்சி ஓடுவதைக் கண்டிருக்கிறாய் அல்லவா? மினுங்கும் கருவி ஒன்றில் பட்டுக் கற்றை திரும்பினால், எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. அதனால்தான் திரை.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனித்தான் வருகிறது. தோல் வைத்தியர்கள் காபனீரொட்சைட்டு லேசர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் அலைநீளம் 10,600 நனோமீற்றர். சாதாரண யன்னல் கண்ணாடியே அதை விழுங்கிவிடும்! கண்ணாடி நம் பார்வைக்கு ஒரே கண்ணாடிதான். ஒரு லேசருக்கு அது திறந்த படலை, இன்னொன்றுக்கு மதில். ஆகவே எந்த லேசர் என்று தெரிந்த பிறகுதான் என்ன திரை என்று முடிவெடுக்கலாம்.

“வீட்டில் இருக்கும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போதாதா?” என்று கேட்பாய். கறுப்பு, வெளிச்சத்தைக் குடிக்கும், குடித்தது சூடாகும். பலமான லேசர் பட்டால் துணி பற்றிக்கொள்ளும். லேசர் திரையைத் தீப்பிடிக்காத துணியில், மினுங்காமல் செய்கிறார்கள். ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளியும் இருக்கக்கூடாது. கிடுகு வேலியின் சின்ன ஓட்டைக்குள்ளால் காலை வெயில் எப்படி முற்றத்தில் வட்டப் பொட்டு வைக்கிறது!

திரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிடுகு பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள். அதன் பின்னால் இன்னொரு கிடுகு வைத்தால்? நூறில் ஒரு பங்கு. ஐந்து கிடுகு வைத்தால்? நீயே விரலில் எண்ணிப் பார்.

லட்சத்தில் ஒரு பங்கு! சபாஷ். இதைத்தான் ஒளி அடர்த்தி 5 என்று எழுதுகிறார்கள்.

அப்படியானால் அம்மம்மாவின் கண்? பயப்படாதே. வெண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு, உள்ளே வைத்த வில்லையின் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு சிலருக்கு மங்கிப்போகும். அந்தச் சவ்வில் ஒரு சின்ன வாசல் திறக்கத்தான் யாக் லேசர். ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டுமே. வைத்தியர் அளந்து, சரியான புள்ளியில் குவித்துத்தான் விடுகிறார். அவருடைய கண்ணைக் கருவிக்குள்ளேயே ஒரு வடிகண்ணாடி காக்கிறது. வெளியே கதிரையில் இருப்பவர்களுக்குத் திரை.

அடுத்த முறை அம்மம்மாவோடு போகும்போது அந்த மஞ்சள் முக்கோணப் பலகைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசி. நனோமீற்றரில் ஓர் எண் இருந்தால் கொப்பியில் குறித்துக்கொண்டு வா. அது 1064 ஆ, 532 ஆ? 532 என்றால் அது பச்சை வெளிச்சம், பெரும்பாலும் விழித்திரை வைத்தியத்துக்கு. எனக்கு எழுதி அனுப்பு, பிள்ளை. பார்த்துக்கொண்டிருப்பேன்.