விசையுந்துப் பொறி மாற்றியமைப்பும் உற்பத்தியாளர் உத்தரவாதமும்

விசையுந்துப் பொறி மாற்றியமைப்பு என்பது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் பொறியை, அதன் ஆற்றல், முடுக்கம் அல்லது ஒலியை மாற்றும் நோக்கில், விற்பனைக்குப் பின்னர் திருத்தி அமைப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது டியூனிங் எனப்படுகிறது. புகைபோக்கியை மாற்றுவது முதல் உருளையைக் குடைந்து பெரிய பிஸ்டன் பொருத்துவது வரை பல செயல்கள் இதில் அடங்கும்.

இவ்வாறு மாற்றப்பட்ட வண்டி உத்தரவாதக் காலத்திற்குள் பழுதடைந்தால் செலவை யார் ஏற்பது என்பது அடிக்கடி எழும் கேள்வியாகும். "எதைத் தொட்டாலும் வாரண்டி போய்விடும்" என்று விற்பனையாளர்களும், "பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்றால் போகாது" என்று ஆர்வலர்களும் கூறுவதுண்டு. இந்தியாவைப் பொறுத்தவரை இவ்விரண்டும் முழு உண்மையல்ல.

தமிழ்நாட்டில் வரலாறு

இந்தியாவில் விசையுந்துப் பந்தயம் வேரூன்றிய இடங்களுள் சென்னை முதன்மையானது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்திலிருந்த பழைய விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீடுவே 2003இல் திறக்கப்பட்டது. பொறியைத் திருத்தும் கைத்திறன் இப்பந்தயங்களைச் சார்ந்த பட்டறைகளில் வளர்ந்து, அங்கிருந்து ஊர்ப்புற மெக்கானிக்குகளுக்கும் பரவியது.

அக்காலத்தில் அதிகம் திருத்தப்பட்ட வண்டிகளுள் ஒன்று யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான இந்த 98 கன செ.மீ. இருவீச்சுப் பொறியில், உருளைச் சுவரிலுள்ள துளைகளை அரத்தால் அகலப்படுத்தி, கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றி, விரிவறைப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தினாலே வண்டியின் இயல்பு மாறிவிடும். இவ்வேலைகளில் பெரும்பகுதி உத்தரவாதம் முடிந்த பழைய வண்டிகளில் நடைபெற்றதால் அன்று இக்கேள்வி பெரிதாக எழவில்லை. இன்று பல நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை உத்தரவாதம் அளிக்கின்றன. புதிய வண்டி வாங்கிய மாதமே புகைபோக்கியை மாற்றும் வழக்கமும் பரவியுள்ளது. சிக்கல் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது.

பொறியில் நிகழ்வது

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. மிகுந்த ஆற்றல் பெற இதைவிடச் சற்றுச் செறிவான, 12.5 முதல் 13 பங்கு காற்றுள்ள கலவை வேண்டும். உற்பத்தியாளர் அமைக்கும் கலவை, ஆற்றல், எரிபொருள் சிக்கனம், புகை வரம்பு, பொறியின் ஆயுள் ஆகிய நான்கிற்கும் இடையேயான ஓர் இணக்கமாகும். திருத்துபவர் பெரும்பாலும் ஆற்றல் ஒன்றையே கருதுகிறார். மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்று விலையாகிறது.

தடையற்ற புகைபோக்கியை மட்டும் பொருத்தி எரிபொருள் அளவை மாற்றாமல் விட்டால், பொறிக்குள் காற்று மிகுந்து கலவை நலிவடையலாம். ஆக்சிசன் உணரியுள்ள வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டகம் சீரான ஓட்டத்தின்போது இதை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் முறுக்குப்பிடியை முழுவதும் திருகும்போது பல வண்டிகளில் அது உணரியைப் பொருட்படுத்தாமல், முன்பே எழுதப்பட்ட அட்டவணைப்படியே எரிபொருளைச் செலுத்துகிறது. நலிந்த கலவை அதிக வெப்பத்தைத் தருவதால் வெளியேற்று வால்வும் பிஸ்டனின் தலைப்பகுதியும் பாதிக்கப்படலாம்.

தீப்பொறி நேரத்தை முன்தள்ளுவதும் அழுத்த விகிதத்தை உயர்த்துவதும் வேறு வகை இடரைக் கொண்டவை. அவற்றால் நாக்கிங் எனப்படும் கட்டுப்பாடற்ற வெடிப்பு ஏற்படலாம். தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டனில் குழிகள் விழுவதும் வளையங்கள் உடைவதும் உண்டு. சுழற்சி வரம்பை நீக்குவதால் வால்வு வில்லைகளும் இணைப்புத் தண்டும் வடிவமைப்பு எல்லையைத் தாண்டி உழைக்க நேரிடுகிறது.

காற்று வடிகட்டியும் கல்தூசியும்

மிகச் சிறிய மாற்றமாகக் கருதப்படுவது காற்று வடிகட்டியை மாற்றுவதுதான். உண்மையில் ஊரைப் பொறுத்து இதுவே பெருங்கேடாக முடியக்கூடும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தேசியக் கல்மரப் பூங்காவுக்கும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் சுற்றுப்புறத்தில் கல்குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் உள்ளன. கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் பறக்கும் தூசியில் இரும்பைவிடக் கடினமான சிலிக்காத் துகள்கள் உள்ளன.

உற்பத்தியாளர் பொருத்தும் தாள் வடிகட்டி, பெட்டிக்குள் அடைபட்டு, காற்றைச் சுற்றி வரச்செய்து உள்ளிழுக்கிறது. பந்தயத்திற்கெனச் செய்யப்பட்ட திறந்த கூம்பு வடிகட்டி நேரடியாகச் சாலைக் காற்றை இழுக்கிறது. அதன் நெய்த துணியில் எண்ணெய் காய்ந்துவிட்டால் நுண்தூசியைத் தடுக்கும் திறன் குறைந்துவிடும். உள்ளே செல்லும் தூசி உருளைச் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. சில மாதங்களில் அழுத்தம் குறைந்து, எண்ணெய் எரிந்து, நீலப்புகை வரத் தொடங்கும். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் பொறியைப் பிரித்துப் பார்ப்பவருக்கு இது பொருட்டன்று. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருபவருக்கு இது முழுப் பொறிச் செலவு. உருளைச் சுவரின் தேய்மானத்தைக் கண்ட சேவை மையம், வடிகட்டியைக் காட்டி உத்தரவாதத்தை மறுத்தால் அம்மறுப்பு தொழில்நுட்ப அடிப்படையில் நியாயமானதே.

உத்தரவாதத்தின் இயல்பு

உத்தரவாதம் என்பது, குறிப்பிட்ட காலம் அல்லது தூரத்திற்குள் மூலப்பொருளிலோ உற்பத்தியிலோ உள்ள குறையால் பழுது ஏற்பட்டால் அதைச் செலவின்றிச் சரிசெய்து தருவதாக உற்பத்தியாளர் அளிக்கும் ஒப்பந்த உறுதியாகும். வண்டியுடன் தரப்படும் கையேட்டின் இறுதிப் பக்கங்களில் இது அச்சிடப்பட்டிருக்கும். பலர் படிக்காத பக்கங்களும் இவையே. பந்தயத்தில் பயன்படுத்துதல், அங்கீகரிக்கப்படாத உதிரிப்பாகங்கள், குறித்த காலத்தில் பராமரிப்புச் செய்யாமை, மாற்றியமைத்தல் ஆகியன பொதுவாக விலக்குகளாகக் கூறப்படும்.

இவ்விலக்குகளின் சொல்லமைப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. சில கையேடுகள் "மாற்றத்தால் ஏற்பட்ட பழுது" உத்தரவாதத்தில் அடங்காது என்கின்றன. வேறு சில "மாற்றம் செய்யப்பட்டால்" உத்தரவாதம் முழுவதும் செல்லாது என்கின்றன. முதல் வகையில், புகைபோக்கி மாற்றப்பட்ட வண்டியின் வேகமானி பழுதானால் உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. எரிந்துபோன வால்வுக்குப் பெரும்பாலும் இல்லை. இரண்டாம் வகையில் வேகமானிக்கும் மறுக்கப்படலாம். வண்டியில் கைவைக்கும் முன் படித்தறிய வேண்டிய வேறுபாடு இது.

மகிழுந்துத் துறையில் இதையொட்டிய முக்கியமான ஆணை ஒன்று உள்ளது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்தில் 14 மகிழுந்து நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களைத் தனிப்பட்ட பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது குற்றச்சாட்டு. வெளிப்பட்டறையில் வேலை பார்த்த ஒரே காரணத்திற்காக உத்தரவாதத்தை முழுவதும் நீக்கும் நிபந்தனை கூடாது எனவும், தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாம் எனவும் அவ்வாணை கூறியது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. மேலும் அது பழுதுபார்ப்பைப் பற்றியதே அன்றி ஆற்றலைக் கூட்டும் மாற்றத்தைப் பற்றியதன்று. விசையுந்து ஆர்வலர்கள் அதைத் தமக்கான உரிமைச் சீட்டாகக் கொள்வது பொருந்தாது.

மின்னணுத் தடயம்

கார்புரேட்டர் காலத்தில் பழைய ஜெட்டைத் திரும்பப் பொருத்திவிட்டால் மாற்றத்தைக் கண்டறிவது கடினம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளைத் தொடர்ந்து எரிபொருள் உட்செலுத்தலும் மின்னணுக் கட்டுப்பாடும் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகிவிட்டன. கட்டுப்பாட்டகத்தின் மென்பொருளுக்கு அடையாள எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் உண்டு. மென்பொருளைத் திருத்தி எழுதினால் இத்தொகை மாறக்கூடும். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையையும், பழுது தோன்றிய நொடியின் சுழற்சி வேகம், வெப்பநிலை போன்ற அளவுகளையும் சில கட்டுப்பாட்டகங்கள் சேமித்து வைக்கின்றன. எனவே பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டுச் சேவை மையத்திற்குச் செல்வது எப்போதும் பயன் தருவதில்லை.

கட்டுப்பாட்டகத்தைத் தொடாமல், உணரிக்கும் அதற்கும் இடையே பொருத்தப்படும் துணைப்பெட்டிகள் கழற்றியபின் மென்பொருளில் தடயம் விடாமலிருக்கலாம். ஆயினும் பிஸ்டனின் உருக்குலைவும் ஸ்பார்க் பிளக்கின் நிறமும் அனுபவமுள்ளவருக்கு நடந்ததைச் சொல்லிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம்

உத்தரவாதம் உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த பிரிவு 182அ(4)இன்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெரிய பிஸ்டன் பொருத்தி உருளைக் கொள்ளளவை மாற்றுவது பதிவு விவரத்தையே பொய்யாக்குவதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒலி, புகை வரம்புகளை மீறுவதற்குப் பிரிவு 190(2) தனியே உள்ளது.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மோஸ் உத்தரவாதச் சட்டம், தன் பெயருள்ள உதிரிப்பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2022இல் அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் ஆர்லி-டேவிட்சன் நிறுவனத்தின் மீது இவ்வடிப்படையில் நடவடிக்கை எடுத்து, அந்நிபந்தனையை நீக்கச் செய்தது. அதே நிறுவனம் 2016இல் எதிர்த்திசையில் சிக்கியது. புகை வரம்பை மீறச்செய்யும் சுமார் 3,40,000 டியூனிங் கருவிகளை விற்றதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றஞ்சாட்ட, 1.2 கோடி டாலர் தண்டம் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. வாங்குபவர் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமை வேறு, புகை அளவை மாற்றும் உரிமை வேறு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் தெளிவாகக் காட்டுகின்றன. இந்தியாவில் மாக்னசன்-மோஸ் போன்ற தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 திசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசல் ஒன்றைத் தொடங்கியது.

முறையீடு

உத்தரவாதம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறுவது முதற்படியாகும். அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முறையீட்டாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடமளிக்கிறது. நிறுவனம் எங்கிருந்தாலும் திருவக்கரையில் வசிப்பவர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சான்றிலேயே தங்கியுள்ளன. பொருளின் குறையைப் பார்வையால் அறிய இயலாதபோது ஆணையம் அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வுக் கட்டணத்தை முறையீட்டாளரையே முன்செலுத்தச் சொல்லலாம். பழுதான பிஸ்டனையும் வால்வையும் மெக்கானிக் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் ஆய்வுக்கு எதுவும் எஞ்சாது. பொறியைப் பிரிக்கும் முன் ஒளிப்படம் எடுப்பதும், கழற்றிய பாகங்களை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதும், பராமரிப்புச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.